எட்டாவது தட்டு

இத்தனை வருஷமாக என்ன கிழித்தாய் என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபமே வராது. டிக்கெட் கிழித்தேன் என்று சொல்லிவிடுவேன். சத்தியமான பதில். கண்ணாடிக் காட்டின் வாசலில் நின்று இருபத்தொரு வருஷமாக நான் செய்த வேலை அது ஒன்றுதான். இப்போது அதையும் ஒரு மெஷின் செய்கிறது. நான் பக்கத்தில் நின்று, "சீட்டைக் கண்ணாடி மேல வைங்க, தலைகீழா வைக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கண்ணாடிக் காடு என்றால் சுவரும் கூரையும் கண்ணாடியாலான ஒரு பெரிய கட்டடம். மூன்று மாடி உயரம். உள்ளே நிஜ மரங்கள், மோட்டாரில் ஓடும் அருவி, கை தடிமனுக்குக் கொடிகள், அவற்றுக்கு நடுவே எங்கெங்கோ இருந்து வந்த பறவைகள், குரங்குகள், ஆமைகள். வெளியே எந்தக் காலமாக இருந்தாலும் உள்ளே ஒரே புழுக்கம். தினமும் மூன்று வேளை, மருந்து சாப்பிடுகிற மாதிரி, மணியடித்து மழை பெய்யும். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் உள்ளே நுழைந்ததும் கண்ணாடி மூடிப்போய், தடவித் தடவி அடுத்தவர் சம்சாரத்தின் கையைப் பிடித்துக்கொள்வார்கள். அப்படி வந்த சண்டைகளில் இரண்டை நானே விலக்கிவிட்டிருக்கிறேன். மூன்றாவதை விலக்கவில்லை. அது நன்றாக இருந்தது, பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது என் அண்ணியைப் பற்றி.

அந்தக் காட்டுக்கு அடியில் ஒரு சமையலறை இருக்கிறது. மிருகங்களுக்கான சமையலறை. அண்ணி அங்கே பதினெட்டு வருஷம் பழம் நறுக்கினார். என் அண்ணனும் அதே கட்டடத்தில்தான் வேலை பார்த்தார். கீழ்த்தளத்தின் மறுகோடியில் பாய்லர் ரூம். காடு சூடாக இருக்க வேண்டுமே, அந்தச் சூட்டுக்குப் பொறுப்பு அண்ணன். முதலில் அவர் சேர்ந்தார், அவர் மூலமாக நான், என் மூலமாக அண்ணி. மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் போவோம். அண்ணி ஜன்னலோரம், அண்ணன் பக்கத்தில், நான் பின் சீட்டிலிருந்து இரண்டு பேர் தலைக்கும் நடுவே தலையை நீட்டிக்கொண்டு ஊர்க்கதை பேசுவேன். அண்ணி சிரிப்பார், திட்டுவார், "அப்புறம்?" என்பார். அண்ணன் "ம்" என்பார்.

அண்ணன் எதற்கும் "ம்" தான். சாப்பாடு நன்றாக இருந்தாலும் "ம்". உப்பு கூடிப்போனாலும் "ம்". மகள் பிறந்திருக்கிறாள் என்று நர்ஸ் வந்து சொன்னபோதும் "ம்" என்றவர்.

"உங்கண்ணன்கிட்ட பேசுறதுக்கு அந்த பீரோகிட்ட பேசலாம், தம்பி. அதுவாவது திறந்தா கிறீச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லும்" என்பார் அண்ணி.

அண்ணி வேலையில் ஒரு விசேஷம் உண்டு. பதினெட்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் மேலே போய்க் காட்டைப் பார்த்ததில்லை. கீழே பழத்தைத் தொடுகிறவர்கள் மேலே போகக் கூடாது, மேலே மிருகத்தைத் தொடுகிறவர்கள் கீழே வரக் கூடாது, நோய் பரவும் என்று சட்டம். லீவு நாளில் டிக்கெட் எடுத்துப் போகலாம்தான். "லீவு நாள்லயும் அந்தக் கட்டடத்து மூஞ்சியிலயா முழிக்கணும்?" என்று அண்ணி போகவே இல்லை.

ஆகவே மேலே இருந்த மிருகங்கள் அவருக்குத் தட்டுகளாகத்தான் தெரியும். சாயங்காலம் ஏழு காலித் தட்டுகள் ஒரு குட்டி லிஃப்டில் கீழே இறங்கி வரும். ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். மிருகங்களைப் பார்த்துக்கொள்கிறவன் எழுதி ஒட்டுவது. தூங்கும்போதும் தொப்பியைக் கழற்றாதவன் என்பதால் அவனுக்குத் தொப்பி என்றே பேர். அவனுக்கு மிருகங்களின் நிஜப் பேர் வாயில் நுழையாது. கிளையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு நாள் முழுக்கத் தூங்குகிற பிராணிக்குத் 'தூங்குமூஞ்சி' என்று எழுதுவான். உடம்பைவிட அலகு பெரிதாக இருக்கிற பறவை 'மூக்கன்'. வெள்ளை மீசை வைத்த குட்டிக் குரங்குகள் 'மீசைக்காரங்க'. ஆமை ஜோடிக்குப் 'புருஷன் பொண்டாட்டி'. மறுநாள் காலையில் பத்து மணிக்குள் அண்ணி அந்தத் தட்டுகளை நிரப்பி மேலே அனுப்ப வேண்டும். யாருக்கு என்ன, எந்த அளவு என்பதெல்லாம் அவருக்கு விரல் கணக்கு. தூங்குமூஞ்சிக்கு வேகவைத்த கிழங்கு சுண்டுவிரல் நீளம். மூக்கனுக்குப் பப்பாளி கட்டைவிரல் நுனி அளவு. மீசைக்காரங்களுக்கு நகத்தளவு. அந்த அறைக்குள் எட்டிப் பார்த்தாலே பழுத்த வாழைப்பழமும் நனைந்த மரப்பலகையும் கலந்த ஒரு வாசனை வரும். அண்ணி வீட்டுக்கு வந்த பிறகும் அது போகாது. பஸ்ஸில் அவர் பக்கத்தில் ஈ உட்காரும். "டிக்கெட் வாங்காத பயணி" என்பேன் நான்.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன்.

அண்ணி சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். ஒரு மத்தியானம் பசியில் மேலே தொப்பியைப் பார்க்கப் போனேன். தட்டில் பப்பாளி பளபளத்தது. ஒரு துண்டில் கை வைத்தேன். கையில் ஒரு அடி போட்டான்.

"மாப்ள, அது மீசைக்காரன் தட்டு. அவன் எண்ணிப் பார்ப்பான்."

"அப்ப எனக்குன்னு ஒரு தட்டு போடச் சொல்லேன்."

நான் விளையாட்டாகத்தான் சொன்னேன். அந்தப் பாவி அன்று சாயங்காலமே எட்டாவதாக ஒரு தட்டை இறக்கிவிட்டான். சீட்டில் 'மாப்பிள்ளை' என்று எழுதியிருந்தான். சிநேகத்தில் அவன் என்னைக் கூப்பிடுவது அப்படித்தான்.

கீழே அண்ணி, புதிதாக ஒரு மிருகம் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். சீட்டின் அடியிலேயே, 'என்ன சாப்பிடும்?' என்று எழுதி அனுப்பினார். தொப்பி, 'எல்லாம் சாப்பிடும்' என்று பதில் எழுதினான். அண்ணி விடவில்லை. 'ஆணா பெண்ணா?' அவன், 'ஆண். ஜோடி இருக்கு' என்று எழுதினான். எனக்குத்தான் அப்போது கல்யாணமாகி ஆறு மாசம்.

ஒரு வாரம் தின்றுவிட்டு அண்ணியிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தத் தட்டு இருக்கிறதே! வாழைப்பழம், பப்பாளி, அன்னாசி, கொய்யா எல்லாம் வரிசை கட்டி உட்கார்ந்திருக்கும். கொய்யா விதை என் கடைவாய்ப் பல் ஓட்டையில் மாட்டும் என்பதால் நடுச் சதையைக் கடித்துத் துப்பித் தட்டில் வைத்துவிடுவேன். மூன்றாம் நாள் கொய்யா வந்தது பாருங்கள், ஸ்பூனால் விதையெல்லாம் வழித்தெடுத்து, பிறை பிறையாக. "பாவம், புதுசா வந்தவனுக்குப் பல்லு சரியில்ல போலிருக்கு" என்று அன்று பஸ்ஸில் அண்ணி சொன்னார். நான் பின் சீட்டில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன். மிருகத்தின் தீனியைத் தின்றது தெரிந்தால் வேலை போய்விடும் என்பது ஒரு காரணம். கொய்யா நின்றுபோகும் என்பது இன்னொன்று. எது பெரிய காரணம் என்று கேட்காதீர்கள். இப்படியே பதிமூன்று வருஷம் ஓடிவிட்டது.

தின்பதற்கு யார் கண்ணிலும் படாத இடம் ஒன்று வேண்டுமே. அது அண்ணனின் பாய்லர் ரூம். அண்ணன் ஒரு காலிப் பெயின்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருப்பார். நான் குழாயில் சாய்ந்து நின்றுகொண்டு தின்பேன். "அண்ணே, எடுத்துக்கோ" என்று நீட்டினால் ஒரே ஒரு துண்டு எடுப்பார். தினமும் ஒன்று. அதுவும் கொய்யாதான். ஒன்றுக்கு மேல் எடுத்ததே இல்லை.

வீட்டில் மாப்பிள்ளையின் புகழ் வளர்ந்தது. மாப்பிள்ளைக்கு அன்னாசி பிடிக்கும், மாப்பிள்ளை தட்டை வழித்து வைத்திருக்கிறான் என்று அண்ணி வாயில் எப்போதும் அந்தப் பேச்சுதான். அண்ணன் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று பாருங்கள், எனக்கு இரண்டு நாளாக வயிறு சரியில்லை, தட்டு பாதிதான் காலியாகியிருந்தது. அண்ணி அடுக்களையில் என் சம்சாரத்திடம், "மாப்பிள்ளைக்கு வயித்தால போகுதுன்னு நினைக்கிறேன். தட்டை நக்கி வைக்கிறவன் பாதியை அப்படியே வச்சிட்டான்" என்றார். முன்னறையில் மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அந்தச் சம்பந்தம் கைகூடியதற்கு நான்தான் காரணம். அரை மணி நேரம் பேசிச் சமாளித்தேன்.

அந்த மருமகன் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் கற்றுக்கொடுக்கிறவர். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுகூட வலது கால் பிரேக்கைத் தேடும். நல்ல மனுஷன். தன் பேரில் ஒரு மிருகம் இருப்பது அவருக்கு ஒரே பெருமை. வந்தவுடன், "அத்தை, என் ஆளு எப்படி இருக்கான்?" என்பார். "உங்களைவிட நல்லா சாப்பிடுறான், மாப்பிள்ளை" என்பார் அண்ணி.

நாலு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் போய்விட்டார். நெஞ்சு. வலிக்கிறதா என்று டாக்டர் கேட்டதற்கும் "ம்" என்றுதான் சொன்னாராம்.

அதற்கப்புறம் அந்த ரூமில் போய்த் தின்ன எனக்கு மனசு வரவில்லை. எட்டாவது தட்டை அனுப்பாதே என்று தொப்பியிடம் சொல்லிவிட்டேன். அண்ணி காரணம் ஏதும் கேட்கவில்லை. மருமகன் விசாரித்தால் மட்டும் எப்போதும் போல, "நல்லா இருக்கான்" என்பார். துக்கத்தில் கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பஸ்ஸில் நான் முன் சீட்டுக்கு, அண்ணி பக்கத்துக்கு வந்துவிட்டேன். ஊர்க்கதை சொல்வேன். "அப்புறம்?" என்பார். ஆனால் "ம்" சொல்ல ஆளில்லை. அந்த "ம்" இல்லாமல் கதை எங்கே முடிகிறது என்றே தெரியாது.

போன மாசம் முழங்கால் வலி தாங்காமல் அண்ணி வேலையை விட்டார். ஒரு சுவர்க் கடிகாரமும், குடும்பத்தோடு காட்டைச் சுற்றிப் பார்க்க நாலு பாஸும் கொடுத்து அனுப்பினார்கள். அண்ணி, மகள், மருமகன், நான். என் சம்சாரம் வரவில்லை. "அங்க நடக்குறதைத்தான் நீங்க வந்து ஒண்ணுக்கு ரெண்டா சொல்லப்போறீங்களே" என்றாள்.

கிளம்பும்போதே மருமகன், "சின்ன மாமா, இன்னிக்கு மாப்பிள்ளையும் மாப்பிள்ளையும் நேருக்கு நேர்!" என்றார். நான் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். பதிமூன்று வருஷம் ஒரு வாயில்லாப் பிராணிக்கு என்று விதை விதையாக எடுத்துக் கொடுத்த மனுஷி. அதைத் தின்றது வாய் மட்டுமே உள்ள கொழுந்தன் என்று மகள், மருமகன் முன்னால் தெரிந்தால் அவர் முகம் என்னவாகும்? என் முகத்தை விடுங்கள், அது எதையும் தாங்கும்.

அண்ணி ஒரு பை எடுத்துக்கொண்டார். உள்ளே ஒரு டப்பா.

"அம்மா, உள்ள சாப்பாடு கொண்டுபோகக் கூடாது" என்றாள் மகள்.

"சாப்பாடு இல்லடி. பேசாம வா."

உள்ளே நுழைந்ததும் அண்ணி நின்றுவிட்டார். இலைகளிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. மேலே எங்கேயோ ஒரு பறவை கதவு கீல் மாதிரிக் கத்தியது. அண்ணி தலையை நிமிர்த்தி உச்சி வரைக்கும் பார்த்தார்.

"இதுக்கு அடியிலயா இருந்தேன் நான்?" என்றார்.

பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. முழங்கால் வலி என்று வேலையை விட்டவர் எங்களுக்கு முன்னால் போனார். மூக்கன் ஒரு கிளையில் உட்கார்ந்திருந்தான். தட்டிலிருந்து ஒரு பப்பாளித் துண்டை அலகு நுனியில் எடுத்து, தலையைப் பின்னால் சாய்த்து, மேலே எறிந்து விழுங்கினான்.

"அடப்பாவி! இவ்வளவு பெரிய மூக்க வச்சுக்கிட்டு இத்துனூண்டு துண்டாடா கேட்ட? நான் என்னமோ சிட்டுக்குருவி சைசுன்னு நினைச்சேன்!"

அடுத்தது தூங்குமூஞ்சி. அன்று எங்கள் அதிர்ஷ்டம், முழித்திருந்தது. ஒரு கிழங்குத் துண்டை எடுத்தது. வாயை நோக்கிக் கொண்டுபோக ஆரம்பித்தது. நாங்கள் நின்றோம். கொண்டுபோய்க்கொண்டே இருந்தது. மருமகன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பாரு, தம்பி" என்றார் அண்ணி என் தோளைத் தட்டி. "பத்து மணிக்குள்ள அனுப்பணும்னு நான் கீழ கையை வெட்டிக்கிட்டுப் பறந்திருக்கேன். இவனுக்கா அவசரம்? நாளைக்கு அனுப்பியிருந்தாலும் இவனுக்குத் தெரிஞ்சிருக்காது!"

பக்கத்தில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். முழங்கால் வரை பூட்ஸ் போட்ட ஒரு பெண் தட்டுகளோடு வந்தாள். தொப்பி இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறு ஊருக்குப் போனதும் அவன் இடத்துக்கு வந்தவள். அண்ணி பேசுவதைக் கேட்டுவிட்டு அருகில் வந்தாள்.

"அம்மா, நீங்க விரலம்மாவா?"

"யாரு?"

"கீழ கிச்சன் சுவத்துல பென்சிலால ஒரு கை வரைஞ்சிருக்குமே. சுண்டுவிரல்ல தூங்குமூஞ்சின்னு எழுதி, கட்டைவிரல்ல மூக்கன்னு எழுதி... இப்ப புதுசா வந்தவங்க அந்தக் கை மேல பழத்தை வச்சுப் பார்த்துத்தான் நறுக்குறாங்களாம். சுவத்துக்குப் பெயின்ட் அடிச்சப்பகூட அந்த இடத்தை மட்டும் விட்டுட்டாங்க. எல்லாரும் விரலம்மா கைன்னு சொல்லுவாங்க."

அண்ணி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். மகள் அம்மாவின் தோளைச் சுற்றிக் கை போட்டாள். அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். மருமகன் இருக்கிறாரே!

"அதெல்லாம் சரி மேடம், மாப்பிள்ளை எங்க?"

"யாரு சார்?"

"மாப்பிள்ளைன்னு ஒரு மிருகம். ஆண். ஜோடி இருக்கு."

நான் குறுக்கே பாய்ந்தேன். "அது வெளிச்சத்துல வராது, மாப்பிள்ளை. வாங்க, நான் காட்டுறேன்." சுத்தம் பண்ணுவதற்காகக் காலியாக விட்டிருந்த ஒரு இருட்டுக் கூண்டின் கண்ணாடி முன்னால் அவரைக் கொண்டுபோய் நிறுத்தினேன். "அசையாம உத்துப் பாருங்க."

ஐந்து நிமிஷம் பார்த்தார்.

"தெரியுதா, மாப்பிள்ளை?"

"என் மூஞ்சிதான் தெரியுது, சின்ன மாமா."

"அதேதான்."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். தப்பித்தோம் என்று திரும்பினால் பூட்ஸ் பெண் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறாள். "அப்படி ஒரு மிருகம் இங்க இருந்ததே இல்லையே. பழைய ரிஜிஸ்டரெல்லாம் நான் பார்த்திருக்கேன். எப்பவுமே ஏழு தட்டுதான்."

சிரிப்பு நின்றது. மகள் அம்மாவைப் பார்த்தாள். நான் அருவியைப் பார்த்தேன்.

"இருந்துச்சும்மா" என்றார் அண்ணி நிதானமாக. "நீ வர்றதுக்கு முன்னாடி."

அப்போது மழை மணி அடித்தது. எல்லாரும் ஓடினார்கள். மகளும் மருமகனும் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒதுங்கினார்கள். அண்ணியும் நானும் ஒரு பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டோம். எங்கள் முன்னால் மெல்லிய சாரல் திரை மாதிரி இறங்கியது.

"தம்பி, உன் கார்டு கீழ்த்தளத்துக் கதவைத் திறக்குமா?"

"திறக்கும். எதுக்கு அண்ணி?"

"பாய்லர் ரூமைப் பார்க்கணும்."

ஆக, எல்லாம் தெரிந்துவிட்டது. இனிமேல் மறைத்து என்ன பண்ண? "அண்ணி, நான் ஒண்ணு சொல்லணும்..." என்று ஆரம்பித்தேன்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். எனக்கு நாலு வருஷமா தெரியும். அவர் போன மறுவாரம் வேலைக்கு வர்றேன், ஏழு தட்டுதான் வருது. மறுநாளும் ஏழு. அப்பதான் மண்டையில உறைச்சுது. அவர் போனாரு, தட்டும் போச்சு. அப்ப அத்தனை வருஷம் யாரு சாப்பிட்டது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பதிலும் சொன்னார்.

"எங்கப்பா கடைசி வரைக்கும் அவரை மாப்பிள்ளைன்னுதான் கூப்பிட்டாரு. எங்க வீட்டுல அவருக்கு வேற பேரே கிடையாது. சீட்டுல பேரையே எழுதி அனுப்பியிருக்காரு, மக்கு மாதிரி நான் மிருகம்னு நினைச்சிருக்கேன். ஜோடி இருக்குன்னு வேற எழுதியிருந்துச்சு. அது நான்தான்னு எனக்குத் தோணவே இல்ல பாரேன். அவருக்கும் கடைவாய்ப் பல்லு ரெண்டும் கிடையாது, கொய்யா விதைன்னா ஆகாது." அண்ணி சாரலில் கையை நீட்டினார். "வாயைத் திறந்து எனக்கு இது வேணும்னு கேக்கத் தெரியாத மனுஷன், தம்பி. தொப்பியைப் பிடிச்சு சீட்டு எழுத வச்சிருக்காரு. யார்கிட்டயும் நான் கேக்கல. கேட்டா, மிருகத்தோடதைத் திருடித் தின்னாருன்னு அவர் பேரு கெட்டுடும். நீயும் வெளிய சொல்லாதே. உன் வாய் சும்மா இருக்காது."

என் வாயைப் பற்றி அவர் சொன்னது நியாயம். நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். 'அண்ணி, அது நான்' என்ற சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது. ஊரில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் சாயங்காலத்துக்குள் நாலு பேருக்குச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அந்த நாக்கைப் பிடித்துக்கொண்டு சாரலில் இறங்கினேன்.

"வாங்க, காட்டுறேன்" என்றேன்.

பாய்லர் ரூமில் இப்போது புது மெஷின். அண்ணன் காலத்து மெஷின் குக்கர் மாதிரி புஸ்ஸென்று சத்தம் போடும், இது பூனை மாதிரி முனகுகிறது. ஆனால் மூலையில் அந்தப் பெயின்ட் டின் கவிழ்த்தபடியே கிடந்தது. யாரும் எடுத்துப் போடவில்லை.

"இதுலதான் உக்காருவாரா?"

"ஆமா அண்ணி."

அண்ணி அதன்மேல் உட்கார்ந்தார். இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, எதிரே இருந்த குழாயைப் பார்த்தார். நான் சாய்ந்து நிற்கும் குழாய்.

"சாப்பிடும்போது ஏதாச்சும் சொல்லுவாரா?"

இதற்குப் பொய் தேவைப்படவில்லை. ஆரம்பத்தில் ஒரு நாள் நடந்தது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. விதை எடுத்த கொய்யா வந்த முதல் நாள். அண்ணன் ஒரு பிறையை எடுத்து டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தது. ஒரு விதை இல்லை.

"லைட்டுல தூக்கிப் பிடிச்சுப் பார்த்தாரு அண்ணி. பார்த்துட்டு, 'அவ கை'ன்னு சொன்னாரு."

"அவர் சொன்னாரா?"

"ஆமா."

"ரெண்டு வார்த்தை?"

"ரெண்டு வார்த்தை. முழுசா."

அண்ணி சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். "கல்யாணத்துக்கப்புறம் என்கிட்டயே அவ்வளவு பேசினதில்லையே, தம்பி!"

பிறகு பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தார். கொய்யா. பிறை பிறையாக, விதை வழித்தது.

"இங்க வச்சுட்டுப் போலாம்னுதான் கொண்டுவந்தேன். வச்சா எறும்புதான் வரும். நீ சாப்பிடு."

நாலு வருஷத்துக்கப்புறம் நான் அதே குழாயில் சாய்ந்து நின்று அதே கொய்யாவைத் தின்றேன். பொய் சொல்வானேன், ருசியாகத்தான் இருந்தது. கடைசியில் ஒரு துண்டை டப்பாவிலேயே விட்டுவிட்டேன்.

"அதை ஏன் வச்சிட்ட?"

"அது அண்ணனோடது" என்றேன். அதுவும் நிஜம்தான்.

அண்ணி அந்தத் துண்டை எடுத்து, மேலே இருந்த விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

மேலே வந்தபோது மழை நின்றிருந்தது. மருமகன் தலை நனைந்து நின்றார். "எங்க போயிட்டீங்க அத்தை? மாப்பிள்ளையைப் பார்த்தீங்களா, இல்லையா?"

"பார்த்துட்டேன், மாப்பிள்ளை."

"எப்படி இருக்கான்?"

"எப்பவும் போலத்தான். வாயே திறக்கல."

அண்ணி இதைப் படித்துவிட்டால் என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். நான் எழுதுவதை அவர் படிக்கமாட்டார். "நீ பேசுறதுலயே பாதிதான் நம்புறேன், எழுதுறதை வேற எதுக்குப் படிக்கணும்?" என்பார். நீங்கள் மட்டும் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக என் சம்சாரம் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். "சொல்லுங்க. என்ன நடந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லுங்க."

நான் செருப்பைக் கழற்றினேன். நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"ம்" என்றேன்.

அவள் எழுந்து வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.